பீட்டிலில் காணாமல் போன சின்னச் சின்னச் சாமான்கள்: அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து

ஏர்கூல்டு கார் (தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாமல் காற்றாலேயே இன்ஜின் குளிரும் வண்டி) என்றாலே "நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1300 ஒன்றை முழுக்கப் பிரித்து, திரும்பப் பூட்டி, இப்போது சித்திரை வெயிலிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த இன்ஜினை வெயில் கெடுக்கவில்லை. ஐம்பது வருடமாக ஒவ்வொரு பட்டறையிலும் "இது எதுக்கு, தேவையில்லை" என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்ததுதான் கெடுத்திருக்கிறது. நான் பார்த்த ஏறக்குறைய ஒவ்வொரு கோளாறுக்குப் பின்னாலும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஏதோ ஒரு சாமான் இருந்தது. உங்கள் வண்டிகளிலும் இதைக் கண்டிருந்தால் எழுதுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

வண்டி வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் பல வருடம் நின்றது. பாட்டரி வைக்கும் இடத்தில், பின்சீட்டுக்கு அடியில், தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பீட்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த சீட்டைத் தூக்கிப் பாருங்கள். டிங்கரிங், பெயின்ட் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் இன்ஜினுக்கு வந்துவிடுகிறேன்.

முதல் புதிர் சூடு. மேடு ஏறும்போது பத்துப் பதினைந்து நிமிடத்தில் இழுவை குறையும். மேலே போய் நிறுத்தினால் ஐடிலில் ஆயில் லைட் மினுக்கும். இந்த வண்டியில் வெப்பமானி கிடையாது, அந்த மினுக்கல்தான் எச்சரிக்கை. இரண்டரை லிட்டர் ஆயிலும் கஞ்சித் தண்ணீராக இளகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த இன்ஜின் எப்படிக் குளிர்கிறது என்று தெரிந்தால்தான் கோளாறு புரியும். டைனமோவின் முன்முனையில் ஒரு ஃபேன் மாட்டியிருக்கும், அதைச் சுற்றித் தகரக் கூடு. ஃபேன் வண்டியின் பின்பக்கம் இருக்கும் இன்ஜின் அறைக்குள்ளிருந்து காற்றை இழுத்து அந்தக் கூட்டுக்குள் அழுத்தும். பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் நாலு சிலிண்டர்களின் ஃபின்களுக்கு (சூடு இறங்குவதற்காக வெளியே நீட்டி நிற்கும் மெல்லிய வரிகளுக்கு) நடுவே காற்று கீழ்நோக்கிப் பாயும். சூடான காற்று வண்டிக்கு அடியில் வெளியேறிவிட வேண்டும், மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இன்ஜினைச் சுற்றித் தகரமும், அந்தத் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் பட்டையும் வைத்திருக்கிறார்கள்.

என் வண்டியில் அந்த ரப்பர் இல்லை. பின்பக்கத் தகரம் ஒன்று இல்லை. சிலிண்டருக்கு அடியில், புஷ்ராட் குழாய்களுக்கு மேலே, காற்றை ஃபின்களோடு ஒட்டிப் போக வைக்கும் சின்னத் தகடுகள் இரண்டும் இல்லை. யாரோ இன்ஜினை இறக்கி ஏற்றியபோது திரும்ப மாட்டவில்லை. இன்ஜின் தன்னுடைய சூட்டையே தான் இழுத்துக்கொண்டிருந்தது.

தகரங்களைத் தேடி மாட்டி, ரப்பரும் போட்ட பிறகு பாதிதான் சரியானது. இடது பக்கம் வலது பக்கத்தைவிடச் சூடாகவே இருந்தது. ஃபேன் கூட்டை முழுக்கத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஆயில் கூலரின் மேல் எலிக்கூடு, தேங்காய் நாரும் காகிதமும் அடைத்துக் கிடந்தன. இந்த மாடலில் ஆயில் கூலர் கூட்டுக்குள்ளேயே இடது பக்கம் நிமிர்ந்து நிற்கும். அதைத் தாண்டிய காற்றுதான் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும். கூலர் அடைத்தால் ஆயிலும் ஆறாது, மூன்றாவது சிலிண்டருக்குக் காற்றும் கிடைக்காது. ஷெட்டில் நின்ற எந்த ஏர்கூல்டு வண்டியையும் கூட்டைத் திறந்து பார்க்காமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட். வலது பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துருத்தி இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது சுருங்கி, கூட்டுக்குள் இருக்கும் தகடுகளை மூடி வைக்கும். 65 முதல் 70 டிகிரி வந்ததும் விரிந்து தகடுகளைத் திறக்கும். வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று இதைத்தான் எல்லோரும் முதலில் கழற்றுகிறார்கள். ஆனால் அந்தத் தகடுகள் திறந்து நிற்கும்போது காற்றைத் திசை திருப்பி விடும் வேலையையும் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் காற்று எளிதான வழியில் ஓடிவிடும். தவிர, காலையில் இன்ஜின் சீக்கிரம் சூட்டுக்கு வராமல் கெட்டியான ஆயிலில் ஓடினால் தேய்மானம் அதிகம். "தெர்மோஸ்டாட் பழுதானால் தகடு மூடி நின்று இன்ஜின் எரிந்துவிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தத் துருத்தியில் ஓட்டை விழுந்தால் அது விரிந்துதான் போகும். தகடு திறந்த நிலையிலேயே நிற்கும். அதை வடிவமைத்தவர் இதையும் யோசித்திருக்கிறார். இந்த இன்ஜினிடம் எனக்கு வந்த மரியாதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபேன் பெல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கு உயிர்நாடியான விஷயம். டைனமோவும் ஃபேனும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. சிவப்பு சார்ஜ் லைட் திடீரென்று எரிந்தால் பாட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று மட்டும் நினைத்து வீடு வரை ஓட்டிவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் குளிர்ச்சியே இல்லை. அங்கேயே நிறுத்துங்கள். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். தளர்ந்திருந்தால் மேல் புல்லியின் இரண்டு பாதிக்கு நடுவில் இருக்கும் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் போடுங்கள், டைட் ஆகிவிடும். எடுத்த ஷிம்மைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த பெல்ட்டுக்கு அது உள்ளே வேண்டும்.

என் மனதுக்கு மிகவும் பிடித்த புதிர் இனிமேல்தான். ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி அறுந்தது. புது கேபிள் போட்டாலும் நிற்கவில்லை. கிளட்ச் கேபிளும் நாளுக்கு நாள் இறுகியது. இதற்குச் சம்பந்தமே இல்லாதது போல, செல்ஃப் மந்தமாகச் சுற்றியது. பாட்டரி புதிது, ஸ்டார்ட்டரும் பிரித்துச் சரி பார்த்தது.

அறுந்த கேபிளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது சில இழைகளின் முனை உருண்டு நீலம் பாய்ந்திருந்தது. தேய்ந்து அறுந்த கம்பி அப்படி இருக்காது. கரன்ட் பாய்ந்து உருகினால்தான் அப்படி ஆகும். மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் மீதும் மறு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் மீதும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 6 வோல்ட் வண்டியில் அது பெரிய இழப்பு.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் சேசிஸோடு நேரடி உலோகத் தொடர்பு கிடையாது. அதற்காகக் கியர்பாக்ஸின் முன்மூக்கிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் கம்பியில் ஒரு எர்த் பட்டை போகும். என் வண்டியில் அது இல்லை. ஸ்டார்ட்டர் இழுத்த அத்தனை கரன்ட்டும் பாட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முழம் பின்னல் பட்டை, இரண்டு போல்ட், துரு சுரண்டிய இரண்டு இடம், வேலை அவ்வளவுதான். அதற்குப் பிறகு கேபிள் அறுந்ததே இல்லை. ஸ்டார்ட்டரும் வேகமாகச் சுற்றுகிறது.

இன்ஜினைப் பிரித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. ஃப்ளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம் இருக்க வேண்டும். அவற்றின் தடிமனைச் சேர்த்துத்தான் கிராங்கின் முன்பின் ஆட்டத்தை 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் வைக்கிறார்கள். இரண்டுதான் இருந்தது. பழைய பீட்டில் பார்க்கப் போனால் கீழ் புல்லியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் கேட்டால் இன்ஜின் வேலை இருக்கிறது என்று விலை பேசுங்கள்.

கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்து ஸ்பார்க் அனுப்பும் சாமான். நிற்கும் வண்டியை எடுக்க ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி விக்கும், பிறகு பிய்த்துக்கொண்டு போகும். கார்புரேட்டரில் எல்லாம் சரி. டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்தால் 009 என்று முடியும் போஷ் நம்பர். அது சுற்று வேகத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கும், அதாவது ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்கூட்டியே அடிக்க வைக்கும். இந்த வண்டியின் 30 பிக்ட் சோலெக்ஸ் கார்புரேட்டர் வேக்யூம் அட்வான்ஸை (கார்புரேட்டரின் உறிஞ்சலால் கிடைக்கும் அட்வான்ஸை) எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. மிதித்தவுடன் அட்வான்ஸ் கிடைக்காத அந்த நொடியில்தான் விக்கல். வேக்யூம் வகை ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்தேன். வாங்குமுன் அதன் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடிக்க வேண்டும். பாயின்ட் பிளேட் நகர்ந்து அப்படியே நின்றால் உள்ளே டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. மெல்லத் திரும்பி வந்தால் கிழிந்திருக்கிறது. மாட்டி, பாயின்ட் கேப் 0.4 மில்லிமீட்டர் வைத்து, டைமிங் 7.5 டிகிரிக்குக் கொண்டு வந்ததும் விக்கல் போய்விட்டது.

கண்டியிலிருந்து

கோவைத் தம்பி எழுதினது முழுக்க உண்மை. எங்கட நாட்டில பீட்டில் இப்பவும் கனக்க ஓடுது, ஆனபடியால் கழட்டி எறியிற பழக்கமும் கனக்க இருக்கு. என்ர கார் 1963 ஆம் ஆண்டு 1200.

கண்டியில ஓடேக்க ஒரு கரைச்சலும் இல்லை. நுவரெலியாவுக்கு ஏறேக்க றம்பொடை தாண்டினாப் பிறகு இழுவை குறைஞ்சு குறைஞ்சு நிண்டுபோகும். றோட்டோரமா விட்டுட்டுப் பத்து நிமிசம் பார்த்துக்கொண்டு நிண்டால் ஒண்டும் செய்யாமலே ஸ்டார்ட் ஆகி ஓடும். ஒரு கராச்சில பெற்றோல் பம்பில பிழை எண்டாங்கள். இன்னொரு கராச்சில கொயில் எண்டாங்கள். ரெண்டும் மாத்தியாச்சு, அதே இடத்தில அதே மாதிரி நிண்டுது.

எனக்குச் சந்தேகம் வந்தது காலநிலையில. வெயில் நாளில ஏறினால் பிரச்சினையே வாறதில்லை, புகார் (மூடுபனி) மூடின நாளில மட்டும்தான். அப்பிடி ஒரு நாள் நிண்ட கையோட பின்மூடியைத் திறந்து பார்த்தன். கார்பரேற்றருக்குக் கீழ இருக்கிற குழாயில வெள்ளையாப் பனி படிஞ்சிருந்தது. வெளியில 12 பாகை, ஐஸ் கட்டுற குளிர் இல்லை. ஆனால் பெற்றோல் ஆவியாகேக்க சூட்டை உறிஞ்சும். ஈரக் காத்து உள்ள போகேக்க அந்த ஈரம் குழாய்க்குள்ளயே உறைஞ்சு வழியை அடைச்சுப்போடும். எஞ்சின் நிண்டால் கீழ இருக்கிற சூடு ஏறி ஐஸ் உருகும், திரும்ப ஓடும்.

இதைத் தடுக்கத்தான் அந்தக் குழாய்க்குக் கீழ ஒட்டினபடி இன்னொரு மெல்லிய குழாய் போகுது. சைலன்சரில இருந்து சூடான புகை ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகும். கன காலம் ஓடினால் அதுக்குள்ள கரி இறுகிப்போகும். எஞ்சின் சூடா ஓடேக்க அந்தக் குழாயின்ர ரெண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கோ. தொடேலாத சூடா இருக்கவேணும். என்ரதில ஒரு பக்கம் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர். கழட்டி, சைக்கிள் பிறேக் கேபிளின்ர நுனியைப் பிரிச்சு துரப்பணத்தில மாட்டி ரெண்டு பக்கத்தாலயும் குடைஞ்சு எடுத்தம். இறுகின இடத்தைச் சிவக்கச் சூடாக்கிக் காத்து விட்டால் கரி எரிஞ்சு போகும்.

அதோட முடியேல்லை. பிறகு போட்டிருந்த சைலன்சரில அந்தக் குழாய் வந்து பூட்டுற விளிம்பில துவாரமே போடேல்லை! அதையும் துளைச்சாப் பிறகுதான் சரியா வந்தது. எயர் கிளீனருக்குச் சூடான காத்துக் கொண்டுவாற றப்பர் குழாயும் ஆரோ எப்பவோ கழட்டினது, தேடி மாட்டினன். இப்ப மார்கழிப் புகாரிலயும் நுவரெலியா ஏறுது. அந்த ஊர் 1868 மீற்றர் உயரம், சின்ன ஏற்றம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் போறவை இதைக் கட்டாயம் பாருங்கோ.

சென்னையிலிருந்து

தம்பிகளா, நான் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றே ஒன்று சொல்கிறேன், மூன்றாவது சிலிண்டர் பற்றி.

கோவைத் தம்பி சொன்ன அந்த ஆயில் கூலரால்தான் மூன்றாவதின் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைவிட அதிகச் சூட்டில் வேலை செய்யும். டேப்பட்டுக்கும் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) வால்வுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதுதான் கேப். டேப்பட் சத்தம் போட்டால் எல்லோரும் ஓடி வருவார்கள். சத்தம் போடுகிற டேப்பட் இன்ஜினை உடைக்காது. கேப் குறைந்து சத்தமே இல்லாமல் போவதுதான் ஆபத்து. வால்வு மூடி உட்காரும் நேரத்தில்தான் தன் சூட்டை சீட்டுக்குக் கொடுக்கும். கேப் இல்லையென்றால் முழுக்க உட்காராது, சூடு இறங்காது, வால்வு எரியும். இன்னும் மோசமானது, வால்வின் தண்டு சூட்டில் நீண்டுகொண்டே போவது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அதே எக்ஸாஸ்ட் வால்வு டைட்டாகி இருந்தால், கேப்பை வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஹெட்டை இறக்கிவிடுங்கள். அந்த வால்வின் தலை அறுந்து பிஸ்டன் மேல் விழுந்தால் பிஸ்டனும் போச்சு, ஹெட்டும் போச்சு.

ராத்திரி முழுக்க நின்று ஆறின இன்ஜினில்தான் பார்க்க வேண்டும். கேப் 0.15 மில்லிமீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலோடு சேர்த்துப் பாருங்கள். ஃபைரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1, 4, 3, 2. ஆகவே முதல் சிலிண்டரில் ஆரம்பித்து, புல்லியை எதிர்ப்பக்கமாக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பினால் 1, 2, 3, 4 என்று வரிசையாக வந்துவிடும், குழப்பமே இல்லை. அளந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். வால்வு நீள்கிறதா என்பதை அந்த நோட்டுதான் காட்டும்.

கம்பெனியும் இந்தக் குறையை உணர்ந்துதான் 1971 மாடலிலிருந்து ஆயில் கூலரை வெளியே தள்ளி, அதற்குத் தனிக் காற்று வழி கொடுத்தது. அந்தக் கூட்டைப் பழைய இன்ஜினிலும் மாட்டலாம். ஆனால் அதற்கு வேண்டிய ஃபேன், தகரம் எல்லாவற்றையும் சேர்த்து மாட்ட வேண்டும். கூலரை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது.

பெங்களூரிலிருந்து

ஐயா சொன்ன நோட்டு இன்றைக்கே வாங்கிவிட்டேன், நன்றி.

எனக்கு வந்தது கிளட்ச் நடுக்கம். முதல் கியரில் கிளட்சை விடும்போது வண்டி முழுக்க உதறும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் புதிது போட்டும் நிற்கவில்லை. கிளட்ச் கேபிள் சேசிஸை விட்டு வெளியே வந்து கியர்பாக்ஸுக்குப் போகும் இடத்தில் ஒரு வளையும் குழாய் இருக்கிறது. அது நேராக இருக்கக் கூடாது, 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். வளைவு தருகிற உரசல்தான் கிளட்சை நிதானமாகப் பிடிக்க வைக்கிறது. அந்த வளைவைச் சரி செய்யக் குழாயின் முனையில் வாஷர்கள் போட்டிருப்பார்கள். என் வண்டியில் வாஷர் ஒன்றுகூட இல்லை. வாஷர் போட்டு வளைவு வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. மற்றவர்களும் பிளேட்டுக்குச் செலவு செய்யும் முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் குழாயை ஒருமுறை பாருங்கள்.

கோவையிலிருந்து

கண்டி அண்ணா, நான் இன்னும் ஊட்டி ஏறவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் இன்ஜினை ஓடவிட்டு அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒரு பக்கம் வெதுவெதுப்புதான். சைலன்சரை இந்த வாரம் கழற்றப் போகிறேன். சென்னை ஐயாவுக்கு என் வணக்கம். எதிர்ப்பக்கம் திருப்பும் முறையை வேறு யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பெட்ரோல் குழாய் பற்றித் தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். எல்லோருக்கும் வேண்டியது என்பதால் இங்கேயே எழுதுகிறேன். டாங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய் முன்பக்கத் தகரத்தைத் துளைத்து இன்ஜின் அறைக்குள் வருகிறது. அந்தத் துளையில் ஒரு ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இருக்க வேண்டும். அது இல்லாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தகர விளிம்பு அதிர்வில் குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளை மூக்கு வெறும் அழுத்தத்தில் நிற்கிறது, பழசானால் தளர்ந்து தானாகக் கழன்று வரும். கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் ஓட்டாதீர்கள். கழன்றால் பம்ப் பீய்ச்சும் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் விழும். இன்ஜின் கேஸ் மெக்னீசியக் கலவை. அது பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தீ இன்னும் மூளும். நம்ம ஊர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய துணி சுற்றிய ரப்பர் ஹோஸ் உள்ளே இளகி வெடிக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, எல்லா மூட்டுக்கும் கிளாம்ப் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் நல்ல தீயணைப்பான் ஒன்று வையுங்கள்.

ஏர் கிளீனருக்குச் சூடான காற்று கொண்டுவரும் குழாய் என் வண்டியிலும் இல்லை. 30 பிக்ட் கார்புரேட்டரோடு வந்த ஆயில் பாத் ஏர் கிளீனரில் அந்த மூடித் தகடும் குழாயும் முழுசாக இருக்கிற வண்டி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து படம் எடுத்து, குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து போடுங்கள். கணபதியில் தெரிந்த லேத்துக்காரரிடம் கொடுத்துச் செய்துகொள்கிறேன். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சேர்த்தே செய்யச் சொல்கிறேன்.